படைப்பாற்றல்

பேச்சில் 'கிரியேட்டிவிட்டி' என்று சொல்லிவிட்டு, எழுதும்போது படைப்பாற்றல் என்று போடுகிறோம். படைப்பு + ஆற்றல். பிரிப்பது சுலபம், 'படை' என்ற வினையில்தான் விஷயம் இருக்கிறது.

ஆடிப்பெருக்கன்று கும்பகோணம், திருவையாறு படித்துறைகளில் காப்பரிசியும் சித்திரான்னமும் வைத்துக் காவிரிக்குப் படைப்பார்கள். இங்கே படைப்பது என்றால் முன்னே வைப்பது. இல்லாததை உண்டாக்குவது என்ற பொருளும் பழையதுதான், ஆனால் அது கடவுளின் வேலை. சைவம் சொல்லும் ஐந்தொழிலில் முதலாவது படைத்தல். புலவர்கள் பாட்டை யாத்தார்கள், இயற்றினார்கள், செய்தார்கள். செய்யுள் என்ற பெயரே 'செய்' என்பதிலிருந்து வந்தது. மயிலாடுதுறைப் பக்கத்துத் தேரழுந்தூர்க்காரரான கம்பர், உலகங்களை 'உளவாக்கல்' இறைவன் செயல் என்று தொடங்குகிறார். தன் காவியத்துக்கு வரும்போது 'அறையலுற்றேன்', அதாவது சொல்லத் தொடங்கினேன், அவ்வளவுதான். அதுவும் பாற்கடலை நக்கியே தீர்க்கப் போன பூனை மாதிரி! கம்பரே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல.

ஐரோப்பாவிலும் கதை ஏறக்குறைய இதுதான். கவிதைக்கான கிரேக்கச் சொல்லும் 'செய்தல்' என்ற வினையில் பிறந்தது. 'கிரியேட்டிவிட்டி'க்கு வேரான, படைத்தல் என்று பொருள்படும் லத்தீன் 'கிரியாரே' இடைக்காலக் கிறித்தவச் சிந்தனையில் கடவுளுக்கு உரியதாயிற்று. கவிஞனும் கடவுளைப் போலப் புதிதாகப் படைக்கிறான் என்று 17-ஆம் நூற்றாண்டில் போலந்துக் கவிஞர் சர்பியெவ்ஸ்கி துணிந்து எழுதினார். அப்புறம் 1950-இல் அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்ட், இது மேதைகளின் தனிச்சொத்து அல்ல, எல்லோரிடமும் கூடக்குறைய உள்ள, ஆராயத்தக்க திறன் என்றார். படைப்பாற்றல் என்று இன்று நாம் எழுதுவது பெரும்பாலும் இந்தப் பொருளில்தான்.

அதனால் 'புதுமை' என்ற எடை அதில் கொஞ்சம் கூடுதலாக ஏறிவிட்டது. சுவாமிமலை ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து அளவு குறித்து, மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி உலோகச் சிலை வார்க்கிறார். அளவுகள் சிற்ப சாஸ்திரம் தந்தவை. அப்படியானால் அவருக்குப் படைப்பாற்றல் இல்லையா? இசைக்காரர்களிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: மனோதர்மம். ராகத்தின் வரம்புக்குள் நின்று அந்த நேரத்தில் மனத்தில் எழுவதைப் பாடுவது, வாசிப்பது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தைக் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் தோடி என்றதும் அவருடைய நாகஸ்வரம்தான் ஞாபகம் வருகிறது. மனோதர்மம் வடமொழிச் சொல். இசைக்கு வெளியே இந்தப் பொருளில் அதிகம் வருவதில்லை என்பதுதான் குறை.

'கற்பனை'யை மாற்றாகப் போடுவது சரியல்ல. அதுவும் வடமொழிக் 'கல்பனா'தான், மனத்தில் காண்பதோடு நின்றுவிடும், கையால் செய்துமுடிப்பது அதில் இல்லை. 'ஆக்கத்திறன்' எனக்குப் பிடித்த சொல், 'செய்யுள்' சொல்லும் அந்தச் செய்தல் இதிலும் இருக்கிறது. ஆனால் 'ஆக்கபூர்வம்' பக்கத்தில் வந்தால் கொஞ்சம் குழப்பும். பாடநூலுக்கும் கட்டுரைக்கும் படைப்பாற்றலே போதும்.