எண்பது சதவீதம் வெற்றியா? எதில் எண்பது என்று கேளுங்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு பைல், குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதியருடையது. குமரி மாவட்டத்தின் மேற்கே குழித்துறை, கருங்கல், கொல்லங்கோடு பக்கத்திலிருந்து வரும் பைல்கள் எல்லாம் ஒரே ஜாடையில்தான் இருக்கின்றன. ஜவுளிக்கடை கட்டைப்பை நிறைய காகிதம். மருந்துக்கடை பில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆறு முறை ஐ.யு.ஐ. (கழுவிய விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்திருக்கிறார்கள், ஆனால் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்த எக்ஸ்ரே இல்லை. கணவருக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை, அதில் 'நார்மல்' என்று ஒற்றை வார்த்தை. கடைசியாக ஒரு டெஸ்ட் டியூப் சிகிச்சை, அதாவது முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கும் ஐ.வி.எஃப். அதற்கான டிஸ்சார்ஜ் தாளில் இரண்டே வரி: 'இக்சி செய்யப்பட்டது. கரு வைக்கப்பட்டது.' (இக்சி என்றால் ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்துவது.) எத்தனை முட்டை கிடைத்தது, எத்தனை கருவானது, மீதி எங்கே, எதுவும் இல்லை. கேட்டால், "அவிய அதொண்ணும் தரல்ல" என்கிறார்கள்.

அந்த க்ளினிக்கை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் பதில் உடனே வருகிறது: "போர்டுல எண்பது சதவீதம் வெற்றின்னு போட்டிருந்தது."

இந்த எண்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லியாக வேண்டும். கணக்குக்காக 100 பெண்கள் முட்டை வளர்வதற்கான ஊசி போடத் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். சிலருக்கு முட்டை வளராது, சிலருக்கு முட்டை வந்தும் கரு உருவாகாது. கடைசியில் 75 பேருக்குக் கரு வைக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் 38 பேருக்கு 'பாசிட்டிவ்' வருகிறது. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிவது 32 பேருக்கு. குழந்தையோடு வீடு திரும்புவது 27 பேர். இப்போது 75க்கு 38 என்று எழுதினால் ஐம்பது சதவீதத்துக்கு மேல். 100க்கு 27 என்று எழுதினால் இருபத்தேழு. இரண்டும் அதே பெண்கள், அதே லேப், அதே மாதம். போர்டில் எது ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எண்ணினால் இன்னும் ஏறும். தானமாகப் பெற்ற முட்டையில் செய்ததையும் சேர்த்துக்கொண்டால் அதற்கும் மேலே போகும். ஒரே பெண்ணுக்கு மூன்று தடவை கரு வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரு வெற்றி என்று எண்ணினால் எண்பது தொட்டுவிடும் தூரம்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "என் மனைவியின் வயதில், அவளுடைய சொந்த முட்டையில், ஊசி தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு போனார்கள்?" நேர்மையான இடத்தில் தயங்காமல் ஓர் எண் சொல்வார்கள், அது நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கும். 40 வயதைத் தாண்டியவருக்குச் சொந்த முட்டையில் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் வாய்ப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிற மருத்துவரை நம்பலாம்.

டாக்டர் யார், கைராசி எப்படி என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். லேபைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. உங்கள் கரு ஐந்து நாள் குடியிருக்கும் வீடு அது. 2021ல் வந்த ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் பதிவு இல்லாமல் யாரும் இந்தச் சிகிச்சை செய்யக் கூடாது. லெவல் 1 பதிவு என்றால் ஐ.யு.ஐ. மட்டும். ஐ.வி.எஃப்., இக்சி செய்ய லெவல் 2 வேண்டும். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும், நின்று வாசியுங்கள். லெவல் 1 வைத்திருக்கிற இடத்தில் 'டெஸ்ட் டியூப் பேக்கேஜ்' பேசினால், முட்டை எடுப்பது எங்கே, கரு இருக்கப்போவது யாருடைய லேபில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

புறநகர் க்ளினிக் என்பதாலேயே மட்டம் என்று நினைக்காதீர்கள். நன்றாக நடக்கிற சின்ன லேப்கள் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் எம்ப்ரியாலஜிஸ்ட் (லேபில் கருவை வளர்த்துப் பார்ப்பவர்) தினமும் இருப்பதில்லை. மாதத்தில் சில நாள் திருவனந்தபுரத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வருவார். அவர் வருகிற தேதிக்கு ஏற்ப எல்லாப் பெண்களுக்கும் மாத்திரை கொடுத்து மாதவிலக்கை ஒரே நாளுக்குக் கொண்டுவருவார்கள். இதை 'பேட்ச்' என்போம். அது குற்றமில்லை. மறைப்பதுதான் தப்பு. அவர் கிளம்பிப் போன பிறகு மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் கருவைப் பார்ப்பது யார்? இன்குபேட்டருக்கு யு.பி.எஸ்., ஜெனரேட்டர் இருக்கிறதா? உறைய வைத்த கருக்கள் இருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டியின் மட்டத்தை யார் அளந்து குறித்து வைக்கிறார்கள்? பெயர்ச்சீட்டு ஒட்டும்போது இன்னொருவர் சரிபார்க்கிறாரா? இந்த நாலு கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை எது என்பது அடுத்த விஷயம். அதற்கு முன்னால், உண்மையிலேயே சிகிச்சை வேண்டுமா? ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்கவில்லை என்றால்தான் பரிசோதனை. மனைவிக்கு 35 வயதைத் தாண்டிவிட்டால் ஆறு மாதம். 'சேர்ந்து வாழ்ந்து' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கல்யாணமாகி மூன்று வருடம், கணவர் வளைகுடாவில், இரண்டு தடவை லீவில் வந்தது மொத்தம் எழுபது நாள். தூத்தூர், இனயம் பக்கம் ஆழ்கடல் போனால் கரைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல். இதை 'மூன்று வருடக் குழந்தையின்மை' என்று எழுதி, லீவு முடிவதற்குள் ஐ.வி.எஃப். என்று அவசரப்படுத்துகிறார்கள். முட்டை வெளியாகும் நாளைக் கணக்குப் பார்த்து, லீவை அதற்கேற்ப எடுத்தாலே சிலருக்குப் போதும். சிகிச்சை தேவைதான் என்றால் கணவர் வேலைக்குத் திரும்பும் முன்பே விந்தை உறைய வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பரிசோதனை இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது: முட்டைக்கு, குழாய்க்கு, விந்துக்கு. குழாய் எக்ஸ்ரே, இரத்தப்போக்கு நின்றபின், மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணிப் பத்தாம் நாளுக்குள். மனைவிக்கு தைராய்டு இரத்தப் பரிசோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் இரத்தப் பரிசோதனையில் குறைவு என்று சொன்னவுடனே அழுதுகொண்டு வருகிறார்கள். அது முட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. மாதாமாதம் முட்டை வெளியாகிற இளம்பெண்ணுக்கு ஏ.எம்.எச். குறைவு என்பதற்காக மட்டும் இயற்கையாகக் கரு நிற்காது என்று யாரும் சொல்ல முடியாது.

விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும். எடுக்க வேண்டியது லேப் தரும் டப்பாவில். ஆணுறையில் எடுத்தால் அதிலுள்ள மருந்து விந்தணுவைக் கொன்றுவிடும். வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு: மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில், நாளிதழ் சுற்றி, பத்திரமாகக் கொண்டுவருவார்கள். பெட்டியைத் திறந்து கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் எல்லாம் அசையாமல் கிடக்கும். ரிப்போர்ட்டில் 'அசைவு இல்லை' என்று வரும், வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிடும். ஐஸ் வேண்டவே வேண்டாம். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். ரிப்போர்ட்டில் அளவு, எண்ணிக்கை, முன்னோக்கிய அசைவு, வடிவம் நாலும் எண்ணில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்பில் கீழ்வரம்பு: 1.4 மில்லி, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், முன்னோக்கிய அசைவு 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். ஆம், நான்குதான். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறைவாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், அதனால் இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். தயவுசெய்து இதை மறைக்காதீர்கள், தம்பிமாரே.

முட்டை சரியாக வெளியாகாதவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரை ஐந்து நாள், கூடவே ஸ்கேன். ஐ.யு.ஐ.க்குக் குழாய் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். கழுவிச் சுத்தம் செய்தபின் அசையும் விந்தணு 50 லட்சமாவது இருந்தால் நம்பிக்கை உண்டு. மூன்று, மிஞ்சினால் நாலு தடவை. அதற்கு மேல் போவது பணத்தையும் வயதையும் கரைக்கிற வேலை. இரண்டு குழாயும் அடைத்தவர்களுக்கும், விந்தணு மிகக் குறைவானவர்களுக்கும் நேரே ஐ.வி.எஃப். அல்லது இக்சி. விந்து நன்றாக இருக்கிறவர்களுக்கு இக்சி கட்டாயமில்லை, ஆனால் பேக்கேஜில் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்கள். கருப்பையைக் கீறிவிடுவது, பி.ஆர்.பி. (சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த தட்டணு) ஊசி, இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத) டிரிப் இதெல்லாம் எல்லாருக்கும் உதவும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பேக்கேஜ் விலையில் ஊசி, மயக்கமருந்து, உறைய வைப்பது, மறுபடி கரு வைப்பது, வருடாந்திர சேமிப்புக் கட்டணம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. அரசு மருத்துவமனையிலும் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் முதலில் விசாரியுங்கள்.

எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, ஊசி. வீட்டுக்குக் கொண்டுபோகும் ஊசிகளில் பல 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் வீண்தான், நடுவில் ஒரு துணி வையுங்கள். முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். நேரம் தவறினால் முட்டை தானே வெளியாகிவிடும், பத்து நாள் ஊசியும் போயிற்று. இரவு 10 மணிக்குப் போடச் சொன்னால் பத்துக்கே போடுங்கள், முட்டை எடுக்கும் நாளுக்கு முந்தின ராத்திரியே திருவனந்தபுரத்தில் தங்கிவிடுங்கள். காலையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலை நம்பி இறங்காதீர்கள். இரண்டாவது, சம்மதப் படிவம். நம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. கூச்சப்பட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாளில் தான முட்டை, தான விந்து, மிஞ்சிய கருவை என்ன செய்வது என்பதெல்லாம் இருக்கும். தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி அந்த இரண்டு வரி டிஸ்சார்ஜ் தாள். ஒரு சாதாரண சுழற்சி எங்கள் கண்ணுக்கு இப்படித் தெரியும்: 10 முட்டை எடுத்தால் ஏழோ எட்டோ முதிர்ந்திருக்கும். இக்சி செய்து 16, 18 மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஐந்து, ஆறில் இரண்டு சின்ன வட்டம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதுதான் கருவானதற்கு அடையாளம். ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடிப்பது இரண்டோ மூன்றோ. எந்தப் படியில் எண்ணிக்கை விழுந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த டாக்டர் மருந்தை மாற்றுவதா, விந்தை ஆராய்வதா, லேபைச் சந்தேகிப்பதா என்று முடிவு செய்ய முடியும். அந்த விவரம் இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான், உங்கள் செலவில், உங்கள் வயதில். எடுத்த முட்டை, முதிர்ந்தது, கருவானது, எந்த நாள் கரு, அதன் தரம், வைத்தது, உறைய வைத்தது என்று ஏழு விவரமும் உள்ள தாளை மீதிப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் குறைதீர்ப்புப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். ஒவ்வொரு க்ளினிக்கும் அப்படி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்து, ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அன்றைக்கே போன் செய்யுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்கள் இதில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ராத்திரி எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதை முதல் ஊசி போடும் நாளிலேயே எழுதி வாங்கி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.