வளையம் பார்த்த கண்

2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை. காலை ஒன்பதரை மணி வாக்கில் கோவை, ஈரோடு, கரூர் வழியாக வளைய சூரிய கிரகணம் கடந்து போனது. மறுநாள் என் கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

"வெர்னியர் படிக்க முடியலைங்க டாக்டர். எந்தக் கோட்டை நேராப் பார்க்கிறனோ அந்தக் கோடுதான் காணோம். சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியுதுங்க." வெர்னியர் என்பது பட்டறையில் அளவு பார்க்கும், நுண்ணிய கோடுகள் போட்ட அளவுகோல்.

வலி உண்டா என்று கேட்டேன். துளிகூட இல்லை என்றார். கேட்டதும் எனக்குச் சொரேல் என்றது. வெல்டிங் வெளிச்சம் பட்டு வருபவர்கள் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துகிறது என்பார்கள். அது கருவிழியின் மேல்தோலில் படும் காயம், ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். விழித்திரைக்கோ வலி உணர்வே கிடையாது. காயம் பட்டாலும் சத்தம் காட்டாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நட்டநடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழும்போதுதான் நமக்கே தெரியவரும்.

இத்தனைக்கும் மனிதர் வெல்டிங் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார். "ரிங் வந்தப்ப மட்டும் எடுத்துட்டேனுங்க. அமெரிக்காவுல அந்த நேரத்துல எல்லாரும் கழட்டித்தானுங்களே பார்த்தாங்க, வீடியோவுல வந்துதே" என்றார்.

அவர் பார்த்தது 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த முழு கிரகணத்தின் வீடியோ. முழு கிரகணத்தில் நிலா சூரியத் தட்டை மொத்தமாக மூடிவிடும். அந்தச் சில நிமிடங்களில் சுற்றிலும் வெள்ளையாக விரியும் ஒளிதான் கரோனா, சூரியனின் வெளி வளிமண்டலம். அதைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கலாம். நம் ஊரில் தெரிந்த வளையமோ கரோனா இல்லை. மூடாமல் மிச்சம் நின்ற சூரியனேதான்.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ், கரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அப்படியானால் கரோனாதானே கண்ணைச் சுட வேண்டும்? பட்டறைக்காரருக்கு அவர் வேலையை வைத்தே சொன்னேன். கிரைண்டிங் பொறி ஆயிரம் டிகிரியைத் தாண்டியிருக்கும், கையில் பட்டால் சுருக்கென்று அணைந்துவிடும். கவுந்தப்பாடி ஆலையில் கொதிக்கிற வெல்லப்பாகு அதில் பத்தில் ஒரு பங்குச் சூடுதான், ஒரு கரண்டி காலில் கொட்டினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கரோனா பொறி மாதிரி. சூடு அதிகம், பொருள் மிகக் குறைவு. மொத்தக் கரோனாவின் வெளிச்சமும் பௌர்ணமி நிலவைத் தாண்டாது. கரோனாவுக்கு அவ்வளவு சூடு சூரியனின் காந்தப்புலத்திலிருந்து வருகிறது. எந்த வழியாக ஏறுகிறது என்பது விஞ்ஞானிகளிடையே இன்னும் தீராத வழக்கு. 2023 செப்டம்பரில் சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம் கூட, சூரியத் தட்டை ஒரு கருவிக்குள் மறைத்துக்கொண்டுதான் கரோனாவைப் பார்க்கிறது.

2024 மே மாதம் சூரியப் புயல் பற்றிச் செய்தி வந்தபோது, கண்ணுக்கு ஆகாதா என்று கேட்டு நாலைந்து பேர் போன் செய்தார்கள். அதெல்லாம் செயற்கைக்கோளுக்கும் ரேடியோவுக்கும் மின்கட்டமைப்புக்கும் வரும் தொல்லை. உங்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், கிரகணத்தன்று விஷக்கதிர் வரும் என்று வீட்டுக்கு வீடு ஆத்தாக்கள் சொல்வார்கள். புதிதாக எந்தக் கதிரும் கிளம்புவதில்லை. ஆனால் பிள்ளைகளை உள்ளே இருத்தும் அவர்கள் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சாதாரண நாளில் சூரியனை ஒரு விநாடி பார்த்தாலே கண் கூசி மூடிக்கொள்ளும். கிரகணத்தில் கூச்சம் குறைகிறது, கண் திறந்தபடியே நிற்கிறது. மிச்சமிருக்கும் வளையத்தின் ஒவ்வொரு துளியும் வழக்கமான சூரியன் போலவே சுடும்.

எக்ஸ்ரே பிலிம், கரி படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், தட்டில் மஞ்சள் தண்ணீர் எதுவும் காப்பாற்றாது. வெல்டிங் கண்ணாடியின் கறுப்பு எவ்வளவு என்பதை அதன் எண் சொல்லும்; பட்டறை முகமூடிகளில் பெரும்பாலும் 10, 11 எண் கண்ணாடிதான் இருக்கும். சூரியனுக்கு அது போதாது, 14 வேண்டும். கிரகணக் கண்ணாடி வாங்கினால் ஐஎஸ்ஓ 12312-2 என்ற தர எண் போட்டிருக்கிறதா பாருங்கள். கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். பைனாகுலருக்குப் பின்னால் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பது எல்லாவற்றையும் விட மோசம்.

பாதுகாப்பில்லாமல் சூரியனைப் பார்த்துவிட்டீர்களா? ஒரு கண்ணை மூடி பாத்ரூம் டைல்ஸ் கோடுகளைப் பாருங்கள், பிறகு அடுத்த கண். கோடு வளைந்தாலோ நடுவில் மறைந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பலருக்குச் சில மாதங்களில் ஓரளவு தானாகத் தேறும். நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து என்று எதுவும் இல்லை, சொட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

பட்டறைக்காரருக்கு ஆறு மாதத்தில் இடது கண் தேறிவிட்டது. வலது கண்ணில் சின்னதாக ஒரு பொட்டு நின்றுவிட்டது. வெர்னியரை இப்போது இடது கண்ணால்தான் படிக்கிறார்.

நம் பக்கம் வரும் அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கிறது. நமக்கும் சூரியனில் பெரும்பகுதி மறையும். கோடை விடுமுறை, பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். போன தடவை என் கிளினிக் வாசல் புங்கமரத்தடியில், இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் தரையில் குட்டிக்குட்டி வளையங்களாகக் கிடந்தது. நர்ஸம்மா கோலம் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் எல்லோரும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.