பாறுக் கழுகுகளைக் கொன்ற வலி மருந்து

செத்துக் கிடந்த பாறுக் கழுகின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியலாளரின் குழு, அறுத்துப் பார்த்த பறவைகளில் பெரும்பாலானவற்றில் இதைத்தான் கண்டது. அந்த வெள்ளை, யூரிக் அமிலப் படிகம். சிறுநீரகம் செயலிழந்த பறவைக்குள் அது இப்படிச் சேரும். ஆனால் ஆயிரக்கணக்கான கழுகுகளுக்கு ஒரே காலத்தில் சிறுநீரகம் ஏன் செயலிழக்க வேண்டும்?

இந்தியாவில் இந்தச் சரிவை முதலில் எழுத்தில் பதிவு செய்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் எண்பதுகளில் நூற்றுக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறுகள் தொண்ணூறுகளின் முடிவில் காணாமலே போயின. புது வைரஸ் என்றார்கள் சிலர், பூச்சிமருந்து என்றார்கள் சிலர். சோதித்துப் பார்த்ததில் கிருமியும் சிக்கவில்லை, ஈயமும் சிக்கவில்லை. ஓக்ஸ் குழு பிறகுதான் கேள்வியைத் திருப்பிப் போட்டது. கழுகு தின்பது செத்த மாட்டை. அந்த மாடு சாவதற்கு முன் அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? மருந்துக் கடைகளில் விசாரித்தபோது, புதிதாகப் பரவலாகியிருந்த ஒரு மலிவான வலி மருந்தின் பெயர் வந்தது. டைக்ளோஃபினாக். மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் நாம் விழுங்குகிற அதே மருந்துதான்.

சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 கழுகுகளைச் சோதித்தார்கள்; 25இலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் ‘நேச்சர்’ இதழில் இந்த முடிவு வெளியானது. இத்தனை சுத்தமாக இரண்டாகப் பிரிந்து நிற்கும் எண்களைக் கள ஆய்வில் பார்ப்பது அபூர்வம்.

மருந்து எப்படிக் கொல்கிறது? நம் உடம்பு நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறது. பறப்பதற்காக எடை குறைந்த உடம்பில் அவ்வளவு தண்ணீரைச் சுமக்க முடியாததால், பறவை அதை யூரிக் அமிலமாக்கிக் கெட்டிக் குழம்பாக வெளியே தள்ளுகிறது. பறவை எச்சத்தில் நாம் பார்க்கும் வெள்ளை அதுதான். யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. சிறுநீரக நுண்குழல்களின் செல்கள் அதை இரத்தத்திலிருந்து இடைவிடாமல் இழுத்துக் கழிவுக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். டைக்ளோஃபினாக் சிதைப்பது இந்தச் செல்களைத்தான். வேலை நின்றதும் இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, கரைய இடமில்லாமல் உறுப்புகளின் மேல் படிகமாகப் படிகிறது. பறவை கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் கதை முடியும்.

ஆந்த்ராக்ஸ் கிருமியையே அழிக்கக்கூடிய இரைப்பை அமிலம் இந்தப் பறவைக்கு உண்டு. ஆனால் மருந்து கிருமி அல்ல. அந்த அமிலத்தால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு கிலோ எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் போனாலே பாதிப் பறவைகள் சாகும். மனிதர்களுக்குப் போடும் 3 மில்லி லிட்டர் ஊசிக் குப்பியில் இருப்பது 75 மில்லிகிராம். ஐந்து கிலோ கழுகுக்கு எமனாக ஒரு மில்லிகிராம் போதும் என்றால், மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு இதைப்போல் நூறு மடங்குக்கு மேல் தாங்குகிறது. தொழில் ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு வம்சம்.

சரி, எல்லா மாட்டுக்கும் இந்த ஊசி போடுவதில்லையே, அப்புறம் எப்படி இனமே அழிந்தது என்று கேட்கத் தோன்றும். பாறுக் கழுகு இரண்டு மூன்று நாளுக்கொரு முறை வயிறு நிறையத் தின்னும்; ஆண்டுக்குச் சுமார் 120 வேளை என்று வைத்துக்கொள்வோம். இருநூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றே ஒன்றில்தான் நஞ்சு என்றாலும், ஒரு பறவை அந்த ஆண்டுக்குள் சாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம். ஐந்து வயதில்தான் இனப்பெருக்கம், ஆண்டுக்கு ஒரே முட்டை. இந்த வேகத்தில் சாகிற இனம் அந்த முட்டையை நம்பி மீளவே முடியாது. 2000க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகக் கள எண்ணிக்கையும் சொன்னது. 1992இல் இருந்ததில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் 2007இல் மிஞ்சியது.

தின்ன ஆளில்லாத பிணங்கள் நாய்களுக்குப் போயின. நாய் பெருகியது, வெறிநாய்க்கடியும் கூடியது. அழுகல் நீர்நிலைகளில் கலந்தது. 2000 முதல் 2005 வரை கழுகு இல்லாமையால் இந்தியாவில் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன. ஆனால் மனிதர்களுக்கான மருந்து கடையில் இருந்தது, அதுவும் 30 மில்லி லிட்டர் பெரிய குப்பியில். மாட்டுக்குப் போட அது தோதான அளவு. 2015இல் மனித ஊசி 3 மில்லி லிட்டருக்கு மேல் வரக்கூடாது என்று ஆணை வந்தது. அதை எதிர்த்து நிறுவனங்கள் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பெரிய மாட்டுக்கு ஒரு வேளை போடவே நாலைந்து சின்னக் குப்பி உடைக்க வேண்டும் என்றால் யாருக்கும் அலுப்புத் தட்டும். சட்டத்தைவிட இந்த அலுப்பு நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

தொல்லை அதோடு விடவில்லை. மாற்றாக வந்த கீட்டோப்ரோஃபெனும் கழுகைக் கொன்றது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. இரண்டையும் தடை செய்ய 2023 ஆனது. அடுத்து நிமசுலைடு. ஒவ்வொரு முறையும் மருந்து முதலில் கடைக்கு வருகிறது, கழுகு சாகிறது, ஆய்வு நடக்கிறது, பல ஆண்டு கழித்துத் தடை வருகிறது. இது தலைகீழ். கால்நடைக்கு எந்த வலி மருந்தை அனுமதிப்பதற்கு முன்பும் அது பாறுக்கு ஆகுமா என்று பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்த்து ஆபத்தில்லை என்று தெரிந்தவை மெலாக்சிகாமும் டோல்ஃபினமிக் அமிலமும்.

தமிழ்நாட்டில் பாறுகள் இன்று பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளையொட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறும், பாறை முகடுகளில் கருங்கழுத்துப் பாறும் கூடு கட்டுகின்றன. திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் சாப்பிட வந்ததாகப் பெரியவர்கள் சொல்லும் மஞ்சள்முகப் பாறும் பாறுக் கழுகுகளில் ஒரு வகையே. மாயாற்றுக் கூட்டம் தப்பியதற்கு முக்கியக் காரணம், அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு புலியும் செந்நாயும் அடித்துப் போட்ட மான், காட்டெருமை. அவற்றுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து எடுத்த கணக்கில் 320 பாறுகள் தென்பட்டன.

காட்டோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாட்டை அடித்த புலிமேல் உள்ள கோபத்தில் மிச்சப் பிணத்தில் விஷம் வைத்தால், புலிக்கு முன்னால் கூட்டமாக இறங்குவது கழுகு. இழப்பீடு சீக்கிரம் கைக்கு வருகிற ஊரில் அந்த யோசனையே குறைகிறது.

மாடு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது சிறிய வேலைதான். வலிக்கு ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேளுங்கள்; மெலாக்சிகாம் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேறு வலி மருந்து போட்ட மாடு ஒரு வாரத்துக்குள் செத்துவிட்டால், அதை ஓடைக்கரையில் இழுத்துப் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.