உங்கள் தகவல் நிறுவனத்தின் கையில்: சட்டத்தில் நமக்கு உள்ள பிடி

ஒரு செயலியில் பதிவு செய்யும்போதும் கடையில் உறுப்பினர் படிவம் நிரப்பும்போதும் எழும் கேள்வி ஒன்றுதான்: இவர்களை நம்பி விவரம் கொடுக்கலாமா? பேர்பெற்ற இடம் என்பதற்காக மட்டும் கொடுத்துவிட முடியாது. 2018ல் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினியமைப்புக்குள் ஊடுருவியவர்கள் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் போயின. ஃபேஸ்புக் பயனாளர்களின் விவரங்கள் அனுமதியின்றி ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் சிங்கப்பூரில் சுமார் 65,000 பேரின் விவரங்கள் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. 2020ல் வாடகை வாகனச் சேவை தரும் கிராப் நிறுவனத்துக்கு 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. தகவல் பாதுகாப்பில் அது நான்காவது விதிமீறல்.

ஆகவே சட்டம் நமக்கு என்ன பிடி கொடுத்திருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உருப்படியான வழி. அந்தச் சட்டம் சிங்கப்பூரில் 2012ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதைச் செயல்படுத்துகிறது. குடிமக்களுக்கு மட்டும் உரிய சட்டமல்ல இது. வேலை அனுமதியில் இருக்கும் ஊழியருக்கும் இதே உரிமைகள் உண்டு. நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தாலும், இங்கே தகவல் திரட்டினால் சட்டம் அதையும் கட்டுப்படுத்தும்.

முதலில் அடையாள அட்டை. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஆள் இன்னார்தான் என்பதை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் அட்டை எண்ணையோ நகலையோ வாங்கக் கூடாது. ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்), வேலை அனுமதி எண், பிறப்புச் சான்றிதழ் எண் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. கைப்பேசி இணைப்பு வாங்கும்போதும் மருந்தகத்தில் சிகிச்சைக்குப் பதியும்போதும் கேட்பது சரி. தீபாவளிக் குலுக்கலுக்கு ஒரு நகைக்கடை கேட்டால் சரியல்ல. பெயரும் கைப்பேசி எண்ணும் போதும், பரிசு கொடுக்கும்போது அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். கொண்டோமினியக் காவலர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம்; நீங்கள் திரும்பி வரும்வரை வாங்கி வைத்துக்கொள்வது கூடாது. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால், "எந்தச் சட்டத்தின்படி கேட்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பழைய படிவத்தை மாற்றாமல் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இதோடு இன்னொன்றும் சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடினாலே முழு அடையாள எண்ணும் தெரிந்தது. அதையொட்டி எழுந்த சர்ச்சையில் அரசாங்கம் தெளிவாகச் சொன்னது: அடையாள எண்ணை இரகசியமாகக் கருதி, கடவுச்சொல்லாகப் பயன்படுத்தக் கூடாது. காப்புறுதி ஆவணமோ மருத்துவ அறிக்கையோ அடையாள எண்ணை அடித்தால் திறக்கிறது என்றால், அதை அனுப்பிய நிறுவனத்திடம் வேறு கடவுச்சொல் கேளுங்கள். தொலைபேசியில் ஒருவர் உங்கள் அடையாள எண்ணைச் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக அவரை வங்கி ஊழியர் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது சம்மதம். ஒரு சேவைக்கு நியாயமாகத் தேவைப்படாத தகவலுக்கும் சம்மதம் கொடுத்தால்தான் சேவை என்று நிபந்தனை போட முடியாது. உணவு கொண்டுவரும் செயலிக்கு முகவரி வேண்டும். உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு? ஆனால் 2021 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நிறுவனம் ஒரு புதிய பயன்பாட்டைப் பற்றி அறிவித்து, மறுக்க நியாயமான அவகாசமும் தந்து, நீங்கள் பேசாமல் இருந்தால், சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். விளம்பரச் செய்திகளுக்கு மட்டும் இந்த வழி செல்லாது. "எங்கள் தனியுரிமைக் கொள்கை மாறுகிறது" என்று வரும் மின்னஞ்சலைப் படிக்காமல் அழிப்பது இதனால்தான் ஆபத்து. அதைத் திறந்து, மறுக்கும் வழியும் கடைசித் தேதியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சொந்தச் சேவையை மேம்படுத்துவதற்காகச் சம்மதமே இல்லாமல் தகவலைப் பயன்படுத்தவும் அதே திருத்தம் சில நிபந்தனைகளோடு இடம் கொடுத்திருக்கிறது. பயனீட்டாளர் பக்கம் பார்த்தால் இந்த இரண்டும் சட்டத்தின் பலவீனமான இடங்கள் என்பதே எங்கள் கருத்து.

எங்கள் பார்வையில் மிகவும் பயனுள்ள, ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படும் உரிமை, நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை. ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். தனியுரிமைக் கொள்கையின் அடியில் பெரும்பாலும் இருக்கும். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் பொருள் இப்படி இருக்கட்டும்: "இந்த மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் உங்களிடம் கணக்கு வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி உங்களிடம் உள்ள தகவல்கள் எவை? கடந்த ஓராண்டில் அவற்றை எதற்குப் பயன்படுத்தினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேட்கிறேன்." கடைசி வரி முக்கியம். அது இல்லையென்றால் உங்கள் கடிதம் சாதாரண வாடிக்கையாளர் கேள்வியாகச் சேவைப் பிரிவில் கிடக்கும்.

30 நாளுக்குள் தர வேண்டும். முடியாவிட்டால், எப்போது தருவோம் என்று அதே 30 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம், ஆனால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தவறான விவரத்தைத் திருத்தக் கட்டணம் கிடையாது. கண்காணிப்புக் கேமராப் பதிவு கேட்பதானால் தேதி, நேரம், இடம் மூன்றையும் குறிப்பிட்டு உடனே கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவின்மேலேயே புதியது ஏறிவிடும். கோரிக்கை வந்த பிறகு மறுத்தாலும், மறுத்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் அதன் பிரதியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அந்த அவகாசத்தில் ஆணையத்திடம் மறுஆய்வு கேட்கலாம்.

"என் தகவலை அழித்துவிடுங்கள்" என்று எழுதி ஏமாந்தவர்கள் பலர். ஐரோப்பாவில் உள்ளதுபோல் அழிக்கச் சொல்லும் உரிமை இங்கே இல்லை. இருப்பது, சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை. பொதுவாக 10 வேலை நாள் அவகாசம் கொடுத்து எழுதினால் நிறுவனம் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். அதனால் எந்தச் சேவை நின்றுபோகும் என்பதையும் சொல்ல வேண்டும். கையோடு, "இன்னும் வைத்திருப்பதானால் எந்தச் சட்ட அல்லது வணிகத் தேவைக்காக?" என்றும் கேளுங்கள். தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதால், காரணம் காட்ட முடியாதவர்கள் அழிக்கவோ, உங்களை அடையாளம் காட்டாதபடி மாற்றவோ வேண்டும்.

தகவல் கசிந்துவிட்டால்? 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால், அல்லது யாருக்காவது கணிசமான தீங்கு வரக்கூடும் என்றால், கசிவு அந்த வகையைச் சேர்ந்தது என்று மதிப்பிட்ட 3 நாளுக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் கணிசமான தீங்கு என்ற நிலையில்தான் வரும். செய்தியில் அந்த நிறுவனத்தின் பெயர் அடிபட்டும் உங்களுக்குக் கடிதம் வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கடிதத்துக்குக் காத்திராமல், அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றிவிடுங்கள்.

விதிமீறும் நிறுவனத்துக்கான அபராதத்தின் உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி. 2022 அக்டோபர் முதல், சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு அந்த வருவாயில் 10 விழுக்காடுவரை போகலாம். அபராதத்தில் ஒரு காசும் பாதிக்கப்பட்டவருக்கு வராது. இழப்பீடு வேண்டுமானால் தனியே வழக்குத் தொடுக்க வேண்டும். பணநட்டம் இல்லாவிட்டாலும் மனவேதனைக்காகவும் வழக்கு நிற்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022ல் தீர்ப்பளித்தது. தகவல்மீதான கட்டுப்பாட்டை இழந்தேன் என்பது மட்டும் போதாது.

விளம்பர அழைப்புகளுக்கு "அழைக்க வேண்டாம்" பதிவகம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பதியலாம், 21 நாளில் பலன் தெரியும், எண்ணை மாற்றும்வரை நீடிக்கும். நன்கொடை கேட்பதையும் கருத்தாய்வையும் அது தடுக்காது. மோசடிக்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதும் இல்லை. அவர்களைத் தடுக்க ஸ்கேம்ஷீல்டு செயலி, சந்தேகம் வந்தால் 1799 என்ற உதவி எண்.

அரசாங்க அமைப்புகள் இந்தச் சட்டத்துக்குள் வரா. அவற்றுக்கு 2018ன் பொதுத்துறை நிர்வாகச் சட்டமும் உள்விதிகளும் உண்டு. கொவிட் தொற்றைத் தடமறிய அரசாங்கம் கொண்டுவந்த டிரேஸ்டுகெதர் திட்டத்தின் தகவலைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிவந்து, மக்கள் வருத்தப்பட்டு, அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றவேண்டி வந்தது.

புகார் கொடுக்குமுன் நிறுவனத்தின் அதிகாரிக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்த தடயம் கையில் இருக்கட்டும்: தேதியோடு மின்னஞ்சல், திரைப்பிடிப்பு, படிவத்தின் படம். பிறகு ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள புகார்ப் படிவத்தில் அவற்றை இணையுங்கள். விசாரித்து முடித்த தீர்ப்புகளை ஆணையம் அதே தளத்தில் நிறுவனத்தின் பெயரோடு வெளியிடுகிறது. புதிய செயலி ஒன்றில் சேருமுன் அதன் பெயரை அங்கே தேடிப் பார்க்கலாம்.