அரைப்பேருக்குச் சண்டை போடுகிறோம், வாக்காளர் இடாப்பில் பேர் இல்லாவிட்டால்?

2025 மே 6, உள்ளூராட்சித் தேர்தல். காலை ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை என் ஆபிசுக்கு வந்து நின்றாள். கட்டுநாயக்கவில் கார்மென்ட் வேலை. வாக்குப் போடுவதற்கென்றே இரவு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். "மிஸ், இடாப்புல என் பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

தேடிப் பார்த்தேன். முந்தைய வருடம் அவள் அப்பா நிரப்பித் தந்த வாக்காளர் பதிவுப் படிவத்தில் அவள் பெயர் இல்லை. "அவ இங்க இல்லத்தானே" என்று விட்டுவிட்டிருக்கிறார். வாக்களிப்பு நாளில் இதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கிராம உத்தியோகத்தராகப் பதினான்கு வருடம் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் இப்படி ஆட்களைத் திருப்பி அனுப்பி மனசு வெறுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

தேயிலைக் கொழுந்து நிறை குறைந்து, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தால் நம் தோட்டத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே சண்டை. அந்தப் பேருக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது இந்தப் பேருக்குக் காட்டக்கூடாதா?

1947 தேர்தலில் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே நம் பிரஜாவுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தே நீக்கம். 1952 தேர்தலில் அந்த 7இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோட்டத்து மக்கள் என்பதற்காக, இந்த இனம் என்பதற்காகச் செய்தது அது. 1977 வரை தேர்தலில் வென்று பாராளுமன்றம் போன மலையகத் தலைவர் ஒருவரும் இல்லை. மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்துக் கணக்குத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அப்படி வாங்கிய பேரை வீட்டுத் தலைவரே ஒரு படிவத்தில் விட்டுவிடுகிறார்.

எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது "அட்டை வரல, அதனால போகல" என்ற பேச்சுக்குத்தான். எத்தனை தரம் சொல்வது? வாக்காளர் அட்டை அனுமதிச் சீட்டு இல்லை. எந்த நிலையம், இடாப்பில் உங்கள் இலக்கம் என்ன என்று சொல்லும் கடிதம், அவ்வளவுதான். லயத்து வரிசை வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் கட்டாகத் தோட்டத்து ஆபிசுக்கு வரும், சில நேரம் கடையில் கிடக்கும், பக்கத்து டிவிசனுக்கும் போகும். அதற்காக உங்கள் வாக்கு தொலைந்துபோகாது. தேர்தலன்றும் தபால் கந்தோரில் கேட்டு வாங்கலாம். வாங்காமலே போனாலும் பெயர் இடாப்பில் இருந்து, கையில் அடையாள அட்டை இருந்தால் வாக்குச்சீட்டு தந்தே ஆகவேண்டும். அட்டை இல்லாதவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அடையாள அட்டை இல்லாதவரைத்தான் அனுப்புவார்கள். அது தொலைந்திருந்தால் முன்கூட்டியே என்னிடம் வாருங்கள், தற்காலிக அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் நாள் இரவு கதவைத் தட்டாதீர்கள்.

வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயரை விடாதீர்கள். பெயர் நீக்கும் பட்டியலும் சேர்க்கும் பட்டியலும் எங்கள் ஆபிசில் ஒட்டப்படும். ஒரு நிமிடம் நின்று படியுங்கள். பொதுத்தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி (X), பிறகுதான் வேட்பாளரின் விருப்பு இலக்கம். புள்ளடி போடாமல் இலக்கத்தில் மட்டும் அடையாளம் வைத்தால் வாக்கே செல்லாது. 2024 பொதுத்தேர்தலில் நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வேலையிருக்கிறது என்று சொல்லாதீர்கள், வாக்களிக்கக் குறைந்தது 4 மணிநேரம் சம்பளத்துடன் லீவு தரவேண்டும் என்பது சட்டம்.

"யாருக்குப் போட்டு என்ன, நமக்குக் கொழுந்துதான்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்து ரோட்டுக்குச் சபைப் பணம் கிடையாது என்று கைவிரித்தார்கள். அதைத் திருத்தியது 2018இல். இரண்டு லட்சம் பேருக்கு ஒரு சபை என்றிருந்த அம்பகமுவையும் நுவரெலியாவும் ஆளுக்கு மூன்றாகப் பிரிந்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் தனிச் சபைகளாகின. பல வருடம் விடாமல் கேட்டோம், கேட்டவர்களுக்குப் பின்னால் வாக்கு இருந்தது. யாருக்குப் போடுவது என்பது உங்கள் விருப்பம், அதை நான் கேட்கவும் மாட்டேன்.

இந்த வருடம் அந்தப் பிள்ளையின் அப்பா படிவத்தோடு முதல் ஆளாக வந்தார். வீட்டில் வாக்குள்ள ஐந்து பேரின் பெயரும் இருந்தது. மகளின் அடையாள அட்டை இலக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. என் மேசையிலிருந்தே போன் போட்டார். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதினார்.