"தொட்டுப் பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கு"

இந்த வசனத்தை இந்த மாசத்துல மூணாவது தடவையா கேட்டாச்சு, அதான் எழுத உக்காந்துட்டேன். மேல் மாடித் தளத்துக்கு காலைல காங்கிரீட்னு முந்தின சாயங்காலம் செக்கிங் போறேன். மேல கம்பி கட்டினது, கவர் பிளாக் (கம்பி அடிப் பலகையைத் தொடாம இருக்க வைக்கற சின்னக் கட்டை) வச்சது எல்லாம் கச்சிதம். அதுக்கான சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கற தற்காலிக அச்சு), அதுக்கு முட்டு குடுக்கற இரும்பு ஜாக்கி எல்லாம் நிக்கறது கீழ் ஸ்லாப், அதாவது கீழ் தளத்து மேல. அந்த ஸ்லாப்புக்கு அடில போய்ப் பாத்தா ஹால் வெறிச்சோடி கிடக்கு, ஒரு முட்டு கூட இல்ல, அத்தனையும் கழட்டி மேல ஏத்திட்டாங்க. கேட்டா, "போட்டு பத்து நாளாச்சு சார், தொட்டுப் பாருங்க".

தொட்டா கல்லு மாதிரிதாங்க இருக்கும். மறுநாளே ஏறி நடக்கலாம். இறுகறது வேற, பலம் ஏறறது வேற, குளிர் காலம்னா அது இன்னும் மெதுவா ஏறும். சரி, 28 நாள் ஆயி முழு பலம் வந்துடுச்சுன்னே வைங்க. 150 மில்லிமீட்டர் ஸ்லாப்னா சதுர மீட்டருக்கு இறுகாத ஈரக் காங்கிரீட் மட்டும் 375 கிலோ கிட்ட வரும், ஷீட்டு, ஜாக்கி, ஆளுங்க எல்லாம் தனி. வீட்டுத் தளத்துல ஆளுக்கும் சாமானுக்கும்னு நாங்க டிசைன்ல எடுக்கறதே பொதுவா 200 கிலோதான். முழு பலம் வந்த தளமே ஒத்தையா அடுத்த தளத்தைச் சுமக்கும்னு யாரும் கணக்கு போடலப்பா! 1973 மார்ச் 2, அமெரிக்காவுல வர்ஜீனியா, ஸ்கைலைன் பிளாசாங்கற கட்டடம். கட்டிக்கிட்டிருக்கப்பவே மேல் மாடில முட்டுகளை சீக்கிரம் எடுத்ததுல தளம் தளமா அடி வரைக்கும் இடிஞ்சு இறங்கி 14 பேர் செத்துப் போயிட்டாங்க.

அதே சைட்ல ஒரு ஜாக்கிக்கு அடில ரெண்டு செங்கல். காலால லேசா தட்டினேன், மேல் கல்லு நழுவி வந்துடுச்சு, ஜாக்கி அந்தரத்துல தொங்குது. அப்ப அதோட பங்கையும் பக்கத்து ஜாக்கி சுமக்கணும், அதுல உயரத்தை நிறுத்திப் பிடிக்கற இரும்பு பின்னுக்கு (pin) பதிலா கம்பித் துண்டு சொருகி வச்சிருக்கு. நல்லா இருக்கு போங்க.

காங்கிரீட்டை தள்ளிப் போட வச்சேன், திட்டு வாங்கினேன், பரவால்ல.

கீழ் மாடிகள்ல முட்டு இருக்கட்டும், எத்தனை மாடிக்குன்னு இன்ஜினியர்கிட்ட கேளுங்க, மேல் முட்டுக்கு நேர் கீழ கீழ் முட்டு வரணும். அடில பலகை வைங்க, செங்கல் வேணாம். உயரம் ஜாஸ்தின்னா நடுவுல குறுக்குக் கட்டு ரெண்டு பக்கமும் போடுங்க. பம்ப்புல காங்கிரீட்டை ஒரே இடத்துல குமிக்காதீங்க. முட்டைக் கழட்டிப் பிரிக்கறப்ப நடுவுலேருந்து ஓரத்துக்கு, சன்ஷேடு, பால்கனின்னா வெளி நுனிலேருந்து உள்ள.

காங்கிரீட் ஓடறப்ப நிழலா இருக்குன்னு சென்ட்ரிங்குக்கு அடில போய் உக்காராதீங்கப்பா, ப்ளீஸ்.