இவாலுவேஷன்: மதிப்பீடா, மதிப்பாய்வா?

2022 தொடக்கத்தில், கொரோனா மூன்றாம் அலை கொஞ்சம் அடங்கிய நேரம், பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஊருக்குத் தகவல் சேகரிக்கப் போயிருந்தேன். ஊரடங்கு காலத்தில் பெண்களுக்கும் வளரிளம் பெண்களுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் உதவிகள் செய்திருந்தது. அதனால் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் வேலை. கையிலிருந்த படிவத்தின் தலையில் 'திட்ட மதிப்பீடு' என்று அச்சடித்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம், "மதிப்பீடு பண்ண வந்திருக்கோம் ஆயா" என்றேன். அவர் கை வேலையை நிறுத்தாமலே, "மதிப்புப் போட வந்தீங்களா? எங்க மரம் ரெண்டும் தையிலயே வித்துப் போச்சேம்மா" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மதிப்புப் போடுவது என்றால் அதுதான். வியாபாரி வருவார், புளியமரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்ப்பார், இதில் இவ்வளவு தேறும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு விலை சொல்வார். மாந்தோப்பிலும் அப்படித்தான், பூவையும் பிஞ்சையும் பார்த்தே குத்தகை பேசிவிடுவார்கள். குத்துமதிப்பு என்ற சொல்லை நாம் எல்லோரும் பேசுகிறோமே, அந்த மதிப்பு இதுதான். இனிமேல் வரப்போவதை முன்கூட்டிக் கணிப்பது. நான் போனதோ நடந்து முடிந்ததைப் பார்க்க. ஒரே சொல், ஆனால் அவர் முன்னால் பார்க்கிறார், நான் பின்னால் பார்க்கிறேன். அன்றைக்கு ஆரம்பித்த யோசனை இது.

இவாலுவேஷன் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. வேர் லத்தீனில் இருக்கிறது, 'வலேரே' என்ற வினை. அதற்கு வலுவாக இருத்தல், மதிப்புடையதாக இருத்தல் என்று பொருள். வேல்யூ என்று நாம் அன்றாடம் சொல்வதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, ஒன்றின் உள்ளே இருக்கும் மதிப்பை வெளியே எடுத்துக் காட்டுவது இவாலுவேஷன்.

தமிழில் 'மதி' என்ற வினைக்கு அளவிடு, கணக்கிடு என்றும் பொருள், மரியாதை கொடு என்றும் பொருள். "அவர் என்னை மதிக்கவே இல்லை" என்பதும், "இந்த நிலத்தை எவ்வளவுக்கு மதிக்கிறார்கள்" என்பதும் ஒரே சொல். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், ஏன் என்று பின்னால் வருகிறேன். மதிப்பு என்பதோடு 'இடு' சேர்ந்து மதிப்பிடு, அந்த 'இடு' நீண்டு 'ஈடு' ஆகி மதிப்பீடு. ஒதுக்கீடு, இழப்பீடு, காப்பீடு, குறியீடு எல்லாம் இதே வார்ப்புதான். இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். படு என்பது பாடு ஆவது போல.

சொல் நல்ல சொல்தான், அதில் குறை இல்லை. சிக்கல் என்னவென்றால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரில் எந்தச் சாலைப் பணிக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் வைக்கும் பலகையைப் பாருங்கள், 'திட்ட மதிப்பீடு: இத்தனை லட்சம்' என்று இருக்கும். அது எஸ்டிமேட், செலவாகப் போகும் தொகை. அந்தப் பலகையைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெண்ணிடம் 'பெருந்தொற்றுக்கால உதவித் திட்ட மதிப்பீடு' என்று எழுதிய தாளை நீட்டினால், புதிதாக ஏதோ பணம் வரப்போகிறது என்றுதான் நினைப்பார். நினைத்தார்கள். மூன்று வீடுகளில் ஆதார் அட்டை நகலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களிடம் இது அதற்கில்லை என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்ததும், அவர்கள் முகம் வாடியதும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் தப்பாகப் போய் உட்கார்ந்தால் இல்லாதவர் மனசில் வீண் நம்பிக்கையை வளர்த்துவிடும்.

அதனால் நான் 'மதிப்பாய்வு' என்று எழுதுகிறேன். இது நான் உண்டாக்கிய சொல் இல்லை, கல்வித்துறைக் கட்டுரைகளில் புழங்குவதுதான். மதிப்பு, அதோடு ஆய்வு. ஆய்வு என்றால் ஏதோ பெரிய பல்கலைக்கழக வேலை என்று பயப்பட வேண்டாம், வீட்டில் கீரை ஆய்கிறோமே, அந்த ஆய்தான். முருங்கைக் கீரையையோ அரைக்கீரையையோ முறத்தில் கொட்டி, பழுத்ததை, பூச்சி அரித்ததைத் தள்ளி, நல்லதை உருவி எடுக்கிற வேலை. பொறுமையாக, ஒவ்வொரு காம்பாக. ஒரு திட்டத்தையும் அப்படித்தான் ஆய வேண்டும். எது பயன்பட்டது, எது வாடிப்போனது, எது முதலிலேயே பூச்சி. புளியமரத்தை அண்ணாந்து பார்ப்பது மதிப்பீடு என்றால், கீரையை முறத்தில் போட்டுப் பார்ப்பது மதிப்பாய்வு. மகளிர் குழுக் கூட்டத்தில் இப்படிச் சொன்னபோது அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பக்கத்துச் சொற்களையும் பிரித்துவிடலாம். கண்காணிப்பு என்பது திட்டம் நடக்கும்போதே கூட இருந்து பார்ப்பது, பரண் மேல் இருந்து கம்பங்கொல்லையைக் காப்பது மாதிரி. தணிக்கை என்பது கணக்கு சரியா, விதிப்படி நடந்ததா என்று பார்ப்பது. நூறுநாள் வேலையில் நடக்கும் சமூகத் தணிக்கையை ஊரில் பலருக்குத் தெரியும். பணம் ஒரு காசு குறையாமல் போய்ச் சேர்ந்தும் திட்டம் யாருக்கும் உதவாமல் போகலாம். தணிக்கையில் அது தேறிவிடும். மதிப்பாய்வில் தேறாது.

இப்படிப்பட்ட திட்டங்களின் ஆங்கிலத் தாள்களில் இவாலுவேஷனோடு கூட வரும் மற்றச் சொற்களுக்கு வருவோம். பேண்டமிக் என்பதற்குப் பெருந்தொற்று என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். ரெஸ்பான்ஸ் என்பதை எதிர்வினை என்று எழுதுகிறார்கள், காதுக்குச் சண்டை மாதிரி இருக்கிறது. மக்கள் நிவாரணம் என்கிறார்கள், 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தபோது எல்லோர் வாயிலும் அந்தச் சொல்தான். ஆனால் நிவாரணம் என்பது கொடுத்ததோடு முடிந்துவிடும். பள்ளியை விட்ட பெண்ணைத் திரும்பச் சேர்ப்பது, குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது, மருந்து கிடைக்கச் செய்வது எல்லாம் அதில் அடங்காது. 'பெருந்தொற்றுக்கால உதவி' என்றால் போதும்.

இனி வல்னரபிள். இதுதான் கடினமான சொல், இதில்தான் நிறையத் தப்பும் நடக்கிறது.

இதன் வேரும் லத்தீன்தான். 'வுல்னுஸ்' என்றால் புண், காயம். காயப்படக் கூடிய என்பது நேர்ப்பொருள். கவனியுங்கள், காயப்பட்ட என்று இல்லை, காயப்படக் கூடிய. தமிழில் இதற்கு நலிந்த, நலிவுற்ற, ஆதரவற்ற, பலவீனமான என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். நலிவுற்ற என்றால் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்து போனவர் என்று ஆகிவிடுகிறது. பலவீனமான என்பது அதைவிட மோசம், குறை அந்தப் பெண்ணின் உடம்பிலோ மனசிலோ இருப்பது போல. தலையில் விறகுக்கட்டோடு மலையேறும் பெண்ணை எந்த வாயால் பலவீனமானவர் என்று சொல்வது?

எதன் முன்னால் அவர் காயப்படக் கூடியவராக நிற்கிறார் என்பதுதான் கேள்வி. 2020 மே 1 அன்று நடுவண் அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்து வெளியிட்டபோது, தமிழ்நாட்டில் பச்சையாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. நோயே இல்லை என்று பெயர். ஆனால் மார்ச் 25 முதல் ஊரடங்கு இங்கேயும் அதே ஊரடங்குதான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள் வேலை போய் ஊர் திரும்பினார்கள். ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் வந்தது, அதை எடுக்க வங்கிக்குப் போக பஸ் ஓடவில்லை. நோய் வராத ஊரிலும் பெண்கள் காயப்பட்டார்கள். அவர்களைக் காயப்படுத்தியது கிருமி இல்லை, கூலி நின்றது, பள்ளி மூடியது, குடிக்கிற புருஷனோடு நாள் முழுக்க ஒரே அறையில் இருக்க வேண்டி வந்தது.

எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலைப் பக்கம் பெண் பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் வரன் பார்க்க ஆரம்பிப்பார்கள் என்பது இங்கே யாருக்கும் புதுச்செய்தி இல்லை. பதினாலு வயசுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம்தான் வேலி. வேலி போனதும் அவள் காயப்படக் கூடிய நிலைக்கு வந்தாள். அவள் பலவீனமானவளாக மாறவில்லை.

ஆகவே அறிக்கையில் 'எளிதில் பாதிப்புக்கு ஆளாகும் பெண்கள்' என்று எழுதுங்கள், எதனால் பாதிப்பு என்பதையும் கூடவே எழுதுங்கள். நீளமாக இருக்கிறது என்றால் 'நலிவு நிலை' என்று சொல்லலாம். மகளிர் குழுப் பெண்களுக்கு 'நலிவு நிலை குறைப்பு நிதி' என்ற பெயர் ஏற்கெனவே பழக்கம். நிலை என்று வந்தாலே மாறக் கூடியது என்ற பொருளும் வந்துவிடுகிறது, நலிவுற்றவர் என்பதில் அது இல்லை.

அந்தப் புண் என்ற வேரை மதிப்பாய்வு செய்யப் போகிறவர்கள் மறக்கக் கூடாது, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். என் படிவத்தில் 'ஊரடங்கில் வீட்டில் உங்களை யாராவது அடித்தார்களா' என்று ஒரு கேள்வி இருந்தது. வாசலில், மாமியார் பக்கத்தில், புருஷன் திண்ணையில். அந்தக் கேள்வியை வாசித்தால் நான் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும்? நான் வாசிக்கவில்லை. கட்டம் காலியாகவே போனது. அப்புறம் மேலிடத்தில் பேசி, தனியாக, குழுக் கூட்டம் முடிந்ததும், விருப்பம் இருந்தால் மட்டும், ஒரு பெண்ணே கேட்பது என்று மாற்றினோம், கேட்பவர் கையில் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் யாரிடம் அழைத்துப் போவது என்ற விவரமும் இருக்க வேண்டும் என்றும் வைத்தோம். மதி என்றால் அளவிடு, மரியாதை கொடு என்று முன்னால் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. மதிக்காமல் மதிப்பிட வழியில்லை என்று தமிழே சொல்லி வைத்திருக்கிறது.

பயனாளி என்ற சொல்லையும் ஒரு தரம் உற்றுப் பாருங்கள். உதவி தருவதற்கு முன்பே பட்டியலில் பெயர் ஏறியதும் பயனாளி ஆகிவிடுகிறோம். பயன் வந்ததா என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பட்டம். பட்டியலில் ஏறாதவர் கதை வேறு. புருஷனை விட்டு வந்து அம்மா வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயர் புருஷன் வீட்டு ரேஷன் அட்டையில் இருக்கும், நிவாரணம் அங்கே போகும். பயனாளிப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற மதிப்பாய்வில் இந்தப் பெண் கண்ணிலேயே பட மாட்டாள். விட்டுப்போனவர் யார் என்று ஊரில் கேட்பதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். குழுத் தலைவியைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான், இன்றைய கிருஷ்ணகிரியும் அதில் சேர்த்தி. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று இந்தப் பெண்களுக்குத் தெரிந்த அளவு வெளியிலிருந்து வருகிற நமக்குத் தெரியாது.

மதிப்பாய்வில் இன்னும் இரண்டு சொற்கள் குழப்பும். அவுட்புட் என்பது கொடுத்த கணக்கு, அவுட்கம் என்பது அதனால் நடந்த மாற்றம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்பது வெளியீடு, எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பது விளைவு. இம்பேக்ட் என்பதைத் தாக்கம் என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம், கொரோனா தாக்கம் என்று நோய்க்கு எழுதிய அதே சொல்லை உதவிக்கும் எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? நீண்டகால விளைவு என்றால் போதும்.

வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களுக்கு ஆறு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் ஒரு குழு 1991-ல் ஐந்தாக வகுத்தது, 2019-ல் ஆறாவது சேர்ந்தது. பொருத்தம், இசைவு, பயனுறுதி (நினைத்த பலன் கிடைத்ததா), சிக்கனம், நீண்டகால விளைவு, நீடிப்பு (உதவி நின்ற பிறகும் பலன் நிலைக்கிறதா) என்று தமிழில் சொல்லலாம். இசைவுதான் புதிதாக வந்தது. அரசு அரிசி கொடுக்கிற வீட்டுக்கே நிறுவனமும் அரிசி கொடுத்தால் இசைவில்லை. பொருத்தத்துக்கு அந்த ஆயா சொன்னதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கடைசியில் படிவத்தை மூடிவைத்துவிட்டு என்ன உதவி வந்தது ஆயா என்று கேட்டேன். "சோப்பு, மாஸ்க்கு எல்லாம் நிறையக் குடுத்தாங்கம்மா. தண்ணிக்குத்தான் அரை மைல் போகணும். அதை யாரும் கேக்கல" என்றார்.

அடுத்த முறை போனபோது படிவத்தின் தலைப்பை மாற்றி அச்சடித்துக்கொண்டு போனோம்: 'கொரோனா காலத்தில் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் செய்த உதவி: மதிப்பாய்வு'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'இது புது உதவிக்கான விண்ணப்பம் இல்லை'.